செம்பருத்தியின் சுற்றம்

தில்லியில் அரசுக் குடியிருப்பு ஒன்றில் வாழும் தமிழ்க் குடும்பம் அது. கோடை விடுமுறைக்கு ஊரிலிருந்து பாட்டி வந்திருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் பேரனை அழைத்து, "கண்ணு, கீழே செம்பரத்தம்பூ இருந்தால் நாலு பறித்துக்கொண்டு வா. இலையும் ஒரு கைப்பிடி வேண்டும், தலைக்குத் தேய்க்க" என்றார். பேரன் இறங்கிப் போனான். குடியிருப்பை ஒருமுறை சுற்றி வந்தான். வெறுங்கையோடு திரும்பி, "அப்படி ஒரு செடி இங்கே இல்லை, பாட்டி" என்றான். பாட்டி அவனைச் சன்னலருகே அழைத்துச் சென்று காட்டினார். வேலியோரத்தில் சிவந்த பூக்கள் பத்துப் பதினைந்து விரிந்திருந்தன. "இதுவா? இது குடஹல்!" என்றான் அவன். ஐந்து ஆண்டுகளாக அந்தச் செடியைக் கடந்துதான் அவன் பள்ளிப் பேருந்துக்குப் போய்வந்துகொண்டிருந்தான்.

பாட்டிக்கும் பேரனுக்கும் தெரிந்த செடி ஒன்றே; பெயர்தான் வேறு. (குடஹல் என்பதைத் தமிழில் எழுதும்போது இடையில் உள்ள ஹகரத்தை விட்டுவிடாதீர்கள், பொருள் வயிற்றுக்குள் போய்விடும்!) கேரளத்தார் இதனைச் செம்பரத்தி என்பர், கன்னடத்தார் தாசவாளம் என்பர். மராட்டியர் ஜாஸ்வந்த் என்று கூறிப் பிள்ளையாருக்குச் சூட்டுவர். வங்காளத்தார் ஜபா என்று அழைத்துக் காளிக்கு மாலையாக்குவர். தெலுங்கர் மந்தாரம் என்பர். இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. தமிழில் மந்தாரை என்றால் அது வேறு மரம். இரண்டாகப் பிளந்த இலையை உடையது. அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆகவே ஒரு செடிக்குப் பல பெயர்கள் இருப்பதும் உண்டு. ஏறத்தாழ ஒரே பெயர் இரு வேறு செடிகளைக் குறிப்பதும் உண்டு.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கவே தாவரவியலார் ஒவ்வொரு செடிக்கும் உலகம் முழுவதற்கும் பொதுவான இரு சொற்பெயரை வழங்கினர். சுவீடன் நாட்டு அறிஞர் கரோலஸ் லின்னேயஸ் 1753ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஸ்பீசிஸ் பிளான்டாரம்' என்னும் நூலில் இம்முறை நிலைபெற்றது. அந்நூலில் செம்பருத்திக்குக் கிடைத்த பெயர் ஹைபிஸ்கஸ் ரோசா-சைனென்சிஸ் என்பதாகும். முதற்சொல் பேரினத்தைக் குறிக்கும்; பின்வருவது சிற்றினத்தைக் குறிக்கும். நம் வழக்கில் சொல்வதானால், முன்னது வீட்டுப்பெயர். பின்னது ஆளின் பெயர். 'ரோசா-சைனென்சிஸ்' என்பதற்குச் சீன ரோசா என்று பொருள். ஆனால் இச்செடிக்கும் ரோசாவுக்கும் உறவு ஏதும் இல்லை. அறிவியற்பெயரும் சில வேளைகளில் வழிதவறச் செய்யும் என்பதை இப்போதே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் செம்பருத்திக்கு உறவினர் யார்? அதனைப் பெயரிடம் கேட்பதை விடப் பூவிடம் கேட்பதே நல்லது.

பூவைப் பிரித்துப் பார்த்தல்

ஒற்றை அடுக்குச் செம்பருத்திப் பூ ஒன்றைக் காம்போடு பறித்துக்கொள்ளுங்கள். அடுக்குச் செம்பருத்தி வேண்டாம். அதில் மகரந்தத் தாள்களுள் பல இதழ்களாக மாறிவிட்டிருக்கும், எண்ணுவது கடினம்.

காம்புக்கு மேலே குறுகிய பச்சை இதழ்கள் சில வட்டமாக நிற்பதைக் காண்பீர்கள். இதுதான் புறப்புல்லி வட்டம். அதற்குள்ளே ஐந்து முனைகளை உடைய பச்சைக் கிண்ணம் ஒன்று இருக்கும். அது புல்லி வட்டம். பெரும்பாலான பூக்களுக்குப் பச்சை உறை ஒன்றே உண்டு. செம்பருத்திக்கு உறையின் மேல் இன்னோர் உறை. சட்டைக்கு மேல் ஒரு கைவைக்காத மேலாடை அணிந்தது போல.

அடுத்து ஐந்து சிவந்த அல்லி இதழ்கள். மலராத மொட்டு ஒன்றைப் பிரித்துப் பார்த்தால், இவ்விதழ்கள் ஒன்றன் விளிம்பை மற்றொன்று மூடியபடி, குடையை முறுக்கி வைத்தாற்போல் திருகியிருப்பது தெரியும். இதழ்களின் நடுவே நீண்ட குழல் ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதன் மேற்பகுதியில் மஞ்சள் பொடி சுமந்த சிறு தலைகள் பல சுற்றிலும் நிற்கும். அவையே மகரந்தப் பைகள். அவற்றின் தாள்கள் அனைத்தும் அடியில் ஒன்றாக இணைந்து அந்தக் குழலாகிவிட்டன. ஓர் ஊசியால் குழலை நீளவாக்கில் மெல்லக் கீறிப் பாருங்கள். உள்ளே நூல் போன்ற சூல்தண்டு ஒன்று ஓடுவதைக் காணலாம். அது குழலின் உச்சியில் வெளிப்பட்டு ஐந்தாகக் கிளைக்கும். ஒவ்வொரு கிளையின் நுனியிலும் சிவந்த மென்பட்டுத் தலை ஒன்று இருக்கும்.

திருகிய இதழ்கள், ஒரே குழலாக இணைந்த மகரந்தத் தாள்கள் ஆகிய இரண்டும் சேர்ந்து வந்தால் அப்பூ செம்பருத்தியின் நெருங்கிய சுற்றம் என்று ஐயமின்றிச் சொல்லலாம். புறப்புல்லி வட்டமும் இருந்தால் இன்னும் உறுதி. ஆனால் அது எல்லா உறவினரிடமும் இராது. ஊர்ப்புறத்தில் தானாக வளரும் துத்திச் செடிக்கு மஞ்சள் பூவும் மகரந்தக் குழலும் உண்டு. புறப்புல்லி வட்டம் மட்டும் இல்லை. அதனால் துத்தியை உறவிலிருந்து விலக்கிவிட முடியுமா? எல்லா அடையாளங்களையும் சேர்த்து நோக்கியே முடிவு செய்ய வேண்டும்.

லின்னேயஸ் அவ்வாறு செய்யவில்லை. அவர் மகரந்தத் தாள்களின் எண்ணிக்கையையும் அமைப்பையும் கொண்டே வகுப்புகளைப் பிரித்தார். தாள்கள் ஒரே கற்றையாக இணைந்தவற்றை எல்லாம் ஒரே வகுப்பில் வைத்தார். எளிய முறைதான், ஆனால் செம்பருத்தியோடு நெருங்கிய உறவில்லாத ஜெரேனியமும் அதே அறைக்குள் வந்து சேர்ந்தது. 1789இல் பிரெஞ்சு அறிஞர் ஆந்துவான் லோரான் த ஜுசியே பல அடையாளங்களை ஒருங்கே நோக்கிக் குடும்பங்களை வகுத்தார். செம்பருத்தி சேர்ந்த குடும்பத்துக்கு மால்வேசி என்று பெயர். மால்வா என்னும் சிறுசெடியால் வந்த பெயர் அது. மால்வாவின் ஓரினம் வட இந்தியக் கோதுமை வயல்களிலும் பூங்கா ஓரங்களிலும் குளிர்காலத்தில் களையாக முளைக்கும். ஒரு குடும்பத்துக்கே பெயர் கொடுத்த செடியைத் தோட்டக்காரர்கள் பிடுங்கி எறிகிறார்கள்!

ஒன்றுவிட்டவரும் இரண்டுவிட்டவரும்

ஆங்கிலத்தில் 'கசின்' என்னும் ஒரு சொல் எல்லாரையும் அடக்கிவிடுகிறது. தமிழில் அவ்வாறு இல்லை. சித்தப்பா மகன் ஒன்றுவிட்ட அண்ணன் அல்லது தம்பி. இன்னும் ஒரு தலைமுறை தள்ளிப் போனால் இரண்டுவிட்டவர். உறவின் நெருக்கத்தைச் சொல்லே அளந்து காட்டுகிறது. செம்பருத்தியின் சுற்றத்தை விளக்கவும் இச்சொற்கள் நமக்கு உதவும்.

ஒன்றுவிட்ட உறவு உங்கள் சமையலறையிலேயே இருக்கிறது, அதுதான் வெண்டை. மொட்டை மாடித் தொட்டியில் வெண்டை வளர்ப்போர் அதன் பூவைப் பார்த்திருப்பர். இளமஞ்சள் இதழ் ஐந்து; நடுவில் கருஞ்சிவப்புப் பொட்டு; அதே குழல். லின்னேயஸ் இதனையும் ஹைபிஸ்கஸ் பேரினத்திலேயே வைத்தார். பின்னர் 1794இல் மோன்ச் என்னும் செருமானிய அறிஞர் அதனை ஏபல்மாஸ்கஸ் என்னும் பேரினத்துக்கு மாற்றினார். காரணம் மிகச் சிறியது போலத் தோன்றும். செம்பருத்தியின் புல்லி வட்டம் ஐந்து முனைகளோடு கிண்ணமாக நின்று, பூ வாடிய பின்னும் காம்பில் தங்கும். வெண்டையின் புல்லி வட்டமோ பூ விரியும்போது ஒரு பக்கமாகக் கிழிந்து, பின்பு இதழ்களோடு சேர்ந்து உதிர்ந்துவிடும். சந்தையில் வாங்கும் வெண்டைக்காயின் காம்பருகே வளையம் போன்ற தழும்பு ஒன்று இருக்கும். உதிர்ந்தவை இருந்த இடம் அது.

வெண்டைக்காயை நறுக்கும்போது கத்தியில் ஒட்டும் கொழகொழப்பை நீங்கள் அறிவீர்கள். செம்பருத்தி இலையைத் தண்ணீர் விட்டுக் கசக்கினாலும் அதே கொழகொழப்பு வரும். பாட்டி தலைக்குத் தேய்க்க இலை கேட்டது இதற்காகத்தான். இக்குடும்பத்துச் செடிகளின் தண்டிலும் இலையிலும் இக்கொழகொழப்பு பரவலாகக் காணப்படும். ஆந்திரத்தில் கோங்கூரா என்றும் தமிழகத்தில் புளிச்சைக்கீரை என்றும் சமைக்கப்படுவது வெண்டையை விட இன்னும் நெருக்கமானது. அது ஹைபிஸ்கஸ் பேரினத்தையே சேர்ந்தது, அதாவது செம்பருத்தியின் உடன்பிறப்பு.

இரண்டுவிட்ட உறவு என்று பூவரசையும் பருத்தியையும் சொல்லலாம். பூவரசின் இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதாத கிராமத்துப் பிள்ளைகள் குறைவு. உங்கள் அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். ஊதிக் காட்டவும் கூடும். பூவரசம்பூ காலையில் மஞ்சளாக மலர்ந்து, வாடும்போது செம்மை ஏறிச் சுருங்கும். லின்னேயஸ் இதனையும் ஹைபிஸ்கஸ் என்றே எழுதினார். 1807 முதல் அது தெஸ்பீசியா பாபுல்னியா என வழங்குகிறது. மாற்றியது ஏன்? பூவரசின் சூல்தண்டு செம்பருத்தியுடையதைப் போல ஐந்தாக விரிந்து கிளைப்பதில்லை. கதாயுதம் போல ஒரே தலையாக முடிகிறது. அதன் புல்லி வட்டமும் முனைகளின்றி விளிம்பு மட்டமான கிண்ணமாக இருக்கும். இவ்விரு அடையாளங்களும் அப்படியே வேறொரு செடியில் உள்ளன. அதுதான் நாம் உடுத்தும் பருத்தி. எனவே பூவரசு செம்பருத்தியை விடப் பருத்திக்கே நெருக்கமானது. வானளாவ வளரும் மரமும் இடுப்பளவு வளரும் செடியும் தமக்குள் ஒன்றுவிட்டவர்கள். உயரத்தைக் கொண்டு உறவை முடிவு செய்தால் தவறிவிடுவோம்.

இலையைக் கொண்டு முடிவு செய்தாலும் தவறுவோம். பூவரசு என்ற பெயர் அரசமரத்தை நினைவூட்டுகிறது. இரண்டின் இலையும் இதய வடிவமானது. பூ தெரியுமாறு பூப்பதால் இது பூ அரசு ஆயிற்று. இந்தியிலும் இதனைப் பாரஸ் பீப்பல் என்றே அழைக்கின்றனர். ஆனால் அரசு, ஆலும் அத்தியும் சேர்ந்த குடும்பத்தது. இரண்டுக்கும் இலையில் மட்டுமே ஒற்றுமை.

பெயருக்குள் ஒளிந்த உண்மை

செம்பருத்தி என்ற சொல்லைப் பிரித்தால் செம்மை + பருத்தி என வரும். சிலர் செம்பரத்தை என்பர். செம்பருத்தி என்னும் பெயர் சிவந்த பூவுடைய பருத்திச் செடி ஒன்றுக்கும் வழங்கியது உண்டு. எப்படியாயினும், நூல் தராத, காய்ப்பதே அரிதான ஒரு பூச்செடியைப் பருத்தியோடு சேர்த்துப் பெயரிட்டவர் யார் என்று நமக்குத் தெரியாது. ஆனால் அவர் பூவை உற்றுப் பார்த்தவர் என்பது மட்டும் தெரிகிறது.

இதற்கு அச்சிட்ட சான்று ஒன்றும் இருக்கிறது. கொச்சியில் டச்சுக்காரர்களின் ஆளுநராக இருந்த வான் ரீட் என்பவர், மலபார்ச் செடிகளைப் பற்றி 'ஹோர்டஸ் மலபாரிகஸ்' என்னும் பெருநூலை உருவாக்கினார். 12 தொகுதிகள் கொண்ட அந்நூல் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. செடிகளின் பெயரையும் பயனையும் எடுத்துரைத்தவர்களுள் இட்டி அச்சுதன் என்னும் மலையாள வைத்தியர் முதன்மையானவர். அந்நூலில் செம்பருத்தி, பூவரசு, பருத்தி, கடலோரத்தில் வளரும் நீர்ப்பருத்தி ஆகிய நான்கும் இடம்பெற்றுள்ளன. நான்கின் மலையாளப் பெயர்களிலும் பருத்தி என்ற சொல்லே, இலத்தீன் எழுத்தில் 'பரித்தி' என்று சற்று உருமாறிக் காணப்படுகிறது. பூவரசுக்குப் பூப்பருத்தி என்று பெயர். நீர்ப்பருத்திக்குத் தாலிப்பருத்தி என்று பெயர். லின்னேயசின் நூல் வெளிவருவதற்கு ஏறத்தாழ 75 ஆண்டுகளுக்கு முன்பே, மக்கள் வழக்கு இந்நான்கையும் ஒரே வீட்டில் குடியமர்த்திவிட்டது.

கதை அதோடு முடியவில்லை. லின்னேயஸ் ஹைபிஸ்கஸ் என்று பெயரிட்ட நீர்ப்பருத்தியைப் பிரித்துத் தனிப் பேரினமாக்க வேண்டும் என்று 2001இல் பால் பிரிக்செல் என்னும் அமெரிக்கத் தாவரவியலார் முன்மொழிந்தார். அப்பேரினத்துக்கு அவர் வைத்த பெயர் தாலிபரித்தி! வைத்தியர் வாயிலிருந்து வந்த சொல் இன்று அறிவியற்பெயராக வழங்குகிறது. (இந்தப் பிரிவினையை எல்லாத் தாவரவியலாரும் ஏற்றுக்கொள்ளவில்லை; இன்னும் ஹைபிஸ்கஸ் என்றே எழுதுவோர் உண்டு. குடும்பம் என்றால் கருத்து வேறுபாடு இல்லாமல் இருக்குமா?)

1998இல் மால்வேசிக் குடும்பமே பெரிதாயிற்று. செடிகளின் மரபணுக்களை ஒப்பிட்ட அறிஞர்கள், அதுவரை தனித்தனியாக இருந்த மூன்று குடும்பங்களை இதனுடன் இணைத்தனர். அதனால் வந்து சேர்ந்தவர்களைக் கேளுங்கள்: இலவு, சணல், சாக்லேட் தரும் கோகோ, கோடையில் வட இந்தியத் தெருக்களில் கூவி விற்கப்படும் ஃபால்சாப் பழம். இன்று இக்குடும்பத்தில் 4,000க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் உள்ளன. தில்லிச் சாலைகளில் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் இலையெல்லாம் உதிர்த்துச் சிவப்பாகப் பூத்து நிற்கும் சேமல் மரத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 'இலவு காத்த கிளி' என்று பழமொழியில் வரும் இலவு அதுவே. காய் பழுக்கும் என்று காத்திருந்த கிளிக்குப் பஞ்சுதான் கிடைத்தது. அடுத்த முறை அம்மரத்தடியில் விழுந்த பூவை எடுத்து மகரந்தத் தாள்களைப் பாருங்கள். அவை ஒரே குழலாக இல்லை. அடியில் மட்டும் கற்றை கற்றையாகச் சேர்ந்திருக்கும். தூரத்து உறவு அல்லவா?

இத்தனை உறவினரைக் கண்டறிந்த பின்னும், செம்பருத்தியின் சொந்த ஊர் ஒரு புதிராகவே உள்ளது. காட்டில் தானாக வளரும் ஹைபிஸ்கஸ் ரோசா-சைனென்சிஸ் எங்கும் காணப்படவில்லை. மனிதர் வாழும் இடங்களில் மட்டுமே அது வளர்கிறது. தோட்டத்துச் செம்பருத்தி பெரும்பாலும் விதை வைப்பதில்லை. கிளையை வெட்டி நட்டே மக்கள் அதனை ஊர் ஊராகக் கொண்டு சென்றனர். மலேசியா 1960இல் அதனைத் தன் தேசிய மலராக்கி, புங்கா ராயா என்று அழைக்கிறது. அங்கும் அது வந்து சேர்ந்த செடியே. கொரியர் போற்றும் முகுங்வா என்னும் மலரும் ஹைபிஸ்கஸ் பேரினத்தது. அதன் அறிவியற்பெயரில் 'சிரியா நாட்டது' என்று இருக்கும். உண்மையில் அது கிழக்காசியாவைச் சேர்ந்தது. சிரியாவின் தோட்டங்களில் கண்டதை வைத்துச் சூட்டிய பெயர் அப்படியே நிலைத்துவிட்டது.

நம் பேரனிடம் திரும்புவோம். பாட்டி ஊருக்குப் புறப்படும் முன்பு, மாடித் தொட்டியில் மலர்ந்த வெண்டைப்பூ ஒன்றைப் பறித்துவந்து அவரிடம் நீட்டினான். "பாட்டி, இது செம்பரத்தம்பூவுக்கு என்ன முறை, சொல்லுங்கள் பார்ப்போம்?" என்றான். பாட்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சித்தப்பன் மகள் மாதிரி இருக்கிறதே" என்றவர், உடனே முகம் மாறி, "அது கிடக்கட்டும், பூவைப் பறித்துவிட்டாயே, இனி காய் எப்படிப் பிடிக்கும்?" என்றார்.

சொற்பொருள்

சுற்றம் – உறவினர். புல்லி வட்டம் – பூவின் பச்சை உறை. அல்லி வட்டம் – வண்ண இதழ்களின் வட்டம். சூல்தண்டு – சூற்பையிலிருந்து மேலெழும் நூல் போன்ற உறுப்பு. பேரினம் – நெருங்கிய சிற்றினங்களின் தொகுதி. முறை – உறவு வகை.

பயிற்சி

1. மந்தாரை, மந்தாரம் ஆகிய சொற்களால் நேரும் குழப்பத்தை உம் சொற்களில் எழுதுக.

2. வெண்டை ஹைபிஸ்கஸ் பேரினத்திலிருந்து பிரிக்கப்பட்டதற்கு உரிய காரணம் யாது? வீட்டில் வெண்டைக்காய் ஒன்றை எடுத்து அதன் தழும்பை வரைந்து காட்டுக.

3. பூவரசு செம்பருத்தியை விடப் பருத்திக்கு நெருக்கமானது என்பதற்குப் பாடத்தில் வரும் இரண்டு அடையாளங்களை எழுதுக.

4. பிரித்து எழுதுக: செம்பருத்தி, பூவரசு, வெறுங்கை, மகரந்தக்குழல்.

5. உம் குடியிருப்பில் உள்ள பூச்செடி ஒன்றைத் தேர்ந்தெடுக்க. அதன் பெயரை உம் வீட்டில் ஒருவரிடமும், வேறு மொழி பேசும் அண்டை வீட்டார் இருவரிடமும் கேட்டு எழுதுக. மூன்று பெயர்களுக்கும் பொருள் கேட்டுக் குறிக்க.

6. ஒன்றுவிட்ட, இரண்டுவிட்ட உறவினர் ஒவ்வொருவரின் பெயரையும் பெற்றோரிடம் கேட்டறிந்து, அவர்கள் உமக்கு என்ன முறை என்பதை எழுதுக.